"ஷிமோட்சுமா மோனோகாதாரி" தோழிகளைப் போன்றவர்களை நேரில் பார்த்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

சுகுபாவாசி

2004-இல் வந்த ஒரு ஜப்பானிய நகைச்சுவைப் படத்தைப் பற்றிப் பேசத்தான் இதைத் தொடங்குகிறேன். ஜப்பானில் அதன் பெயர் "ஷிமோட்சுமா மோனோகாதாரி". ஷிமோட்சுமா கதை என்று அர்த்தம். வெளிநாடுகளில் "காமிகாசே கேர்ள்ஸ்" என்று வெளியிட்டார்கள். நோவாலா தாகேமோட்டோ எழுதிய நாவலை டெட்சுயா நகாஷிமா படமாக்கினார்.

நான் 2012-இல் கணவரின் ஆராய்ச்சி வேலைக்காக இபாராகி மாநிலத்தில் இருக்கும் சுகுபாவுக்கு வந்தேன். முதல் ஆறு மாதம் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல், அதற்கப்பால் சுகுபா மலை, அவ்வளவுதான். வாரம் ஒருநாள் நகராட்சிக் கட்டடத்தில் தன்னார்வலர்கள் ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுப்பார்கள். அங்கே எனக்குக் கிடைத்த ஆசிரியைக்கு ("சென்செய்" என்றுதான் கூப்பிடுவேன், ஆசிரியர் என்று அர்த்தம்) அப்போது ஐம்பது வயது இருக்கும். "இங்கே வயலைத் தவிர எதுவுமே இல்லையே சென்செய்" என்று நான் ஒருநாள் அரைகுறை ஜப்பானியத்தில் புலம்பினேன். அடுத்த வாரம் ஒரு டிவிடி கொண்டுவந்து கையில் கொடுத்தார். "இது நம் பக்கத்து ஊர்ப் படம். அந்தப் பெண்ணும் உன்னை மாதிரியேதான் சொல்வாள்" என்றார்.

அன்றிரவே போட்டுப் பார்த்தேன். உடம்பு முழுக்க லேஸும் ஃப்ரில்லும் வைத்த கவுன், தலையில் பானெட் தொப்பி. அந்தக் கோலத்தில் ஒரு பெண் ஸ்கூட்டரில் பறக்கிறாள். காய்கறி லாரி மோதி, முட்டைக்கோசுகளோடு சேர்ந்து வானத்தில் மிதக்கிறாள். பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சில், ரொகோகோ காலத்தில் பிறந்திருக்கலாமே என்பது அந்த நேரத்திலும் அவள் கவலை. அவள்தான் மோமோகோ. கியோகோ ஃபுகாடா நடித்திருக்கிறார். லொலிட்டா என்ற உடைப் பாணியைப் பின்பற்றும் பெண். பெயரைக் கேட்டு வேறு மாதிரி நினைத்துவிடாதீர்கள். கழுத்து மூடி, முழங்கால் மூடி, பழைய காலத்துப் பொம்மைக்கு உடுத்திவிட்டது போல உடுத்துவார்கள். யாரையும் கவர்வதற்காக அல்ல, தன் சந்தோஷத்துக்காக உடுத்துகிறோம் என்பார்கள்.

ஷிமோட்சுமாவில் பாட்டி வீட்டில் இருக்கும் மோமோகோ, உடை வாங்க டோக்கியோவின் டைகான்யாமா வரைக்கும் ரயிலில் போவாள். "பேபி, த ஸ்டார்ஸ் ஷைன் பிரைட்" என்ற கடை அங்கே இருக்கிறது. 1988-இல் தொடங்கிய நிஜமான பிராண்ட் அது. ஊர்க் காய்கறிக்கடைக்காரருக்கு இது புரியவே புரியாது. "எதுக்கு டோக்கியோ? ஜஸ்கோவில் எல்லாமே இருக்கே!" என்று ஆச்சரியப்படுவார். ஜஸ்கோ என்பது பெரிய பல்பொருள் அங்காடி. சுற்றி நிற்பவர்களும் தாங்கள் போட்டிருப்பதெல்லாம் ஜஸ்கோவில் வாங்கியது என்று விலையோடு சொல்லிக் காட்டுவார்கள். ஜஸ்கோ என்ற பெயர் 2011-இல் போய் ஈயோன் ஆகிவிட்டது. பெயர்ப் பலகைதான் மாறியது. எங்கள் ஊரில் இன்றைக்கும் எதைக் கேட்டாலும் "ஈயோனில் இருக்குமே" என்பதுதான் பதில்.

அப்புறம் இச்சிகோ வருகிறாள். அன்னா சுச்சியா. வந்து நிற்கும்போதே காட்சி முழுக்க அவள் கைக்குப் போய்விடுகிறது. மோமோகோவின் அப்பா ஒரு காலத்தில் விற்ற போலி வெர்சாச்சே துணிகள் வீட்டில் மிச்சம் கிடக்கின்றன. உடைக்குக் காசு வேண்டுமே, அதனால் மோமோகோ அவற்றை விற்க விளம்பரம் கொடுக்கிறாள். அதைப் பார்த்து வருபவள்தான் இச்சிகோ. அலங்கரித்த ஸ்கூட்டர், நீளக் கோட், தரையில் துப்பும் பழக்கம், பேசும்போதே தலையால் ஒரு முட்டு. பெண்கள் மட்டுமே இருக்கும் மோட்டார் சைக்கிள் கும்பல் ஒன்றைச் சேர்ந்தவள். இப்படிப்பட்டவர்களை இங்கே யாங்கி என்பார்கள். இந்த ரவுடிப் பெண்ணின் முழுப்பெயர் ஷிராயுரி இச்சிகோ. ஷிராயுரி என்றால் வெள்ளை லில்லி, இச்சிகோ என்றால் ஸ்ட்ராபெரி. மோமோ என்றால் பீச் பழம். பெயரளவில் இரண்டு பழங்கள்!

மோமோகோவுக்கு நட்பு என்பதிலேயே நம்பிக்கை கிடையாது, தனியாக இருப்பதுதான் அவளுக்குச் சுகம். இச்சிகோவோ விடாமல் வந்துகொண்டே இருக்கிறாள். இரண்டு பேரும் சேர்வதற்கு ஊசிநூல்தான் காரணமாகிறது. கும்பலை விட்டு விலகும் தலைவி அகிமிக்கு நன்றி சொல்லித் தன் கோட்டில் எம்பிராய்டரி போட்டுக்கொள்ள வேண்டும் என்பது இச்சிகோவின் ஆசை. டைகான்யாமாவில் எங்கோ இருப்பதாகச் சொல்லப்படும் பெயர்போன கடையைத் தேடி இருவரும் அலைகிறார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் மோமோகோவே உட்கார்ந்து, கண்விழித்து, தைத்துக் கொடுக்கிறாள். தனக்குத் துளியும் பிடிக்காத ஒரு பாணியின் உடையில், தன் கவுனுக்குப் போடும் அதே அக்கறையோடு. ஜப்பானிய மொழி பாதிதான் புரிந்த நிலையிலும் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, என் அனுபவத்துக்கு வருகிறேன். படம் பார்த்த அடுத்த வருடம், ஜூன் மாத மழைக்காலத்தில், மோரியா நிலையத்தில் ஜோசோ லைன் ரயிலுக்காகக் காத்திருந்தேன். பிளாட்பாரத்தில் ஒரு பெண். வெளிர் நீலக் கவுன், வெள்ளை லேஸ் வைத்த குடை, சக்கரம் வைத்த சின்னப் பெட்டி. பக்கத்தில் இன்னொருத்தி. கறுப்பு ஜெர்சி (தளர்வான விளையாட்டு உடை), மஞ்சளாக வெளுத்த முடி, காலில் கிட்டி பொம்மை போட்ட பிளாஸ்டிக் செருப்பு. ரயில் வருகிற நேரம் பார்த்து நீலக் கவுனின் விளிம்பு லேஸ் பெட்டிச் சக்கரத்தில் சிக்கிச் சுற்றிக்கொண்டது. அவள் இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றாள்.

ஜெர்சிக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. குதிகால் தரையில் பதிய அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சாவிக்கொத்தில் தொங்கிய நகவெட்டியை எடுத்து, சக்கரத்தில் சுற்றியிருந்த நூலை மட்டும், லேஸில் படாமல், ஒவ்வொரு இழையாக நறுக்கினாள். தொங்கிய துண்டை மடித்து, தன் ஜெர்சிக் கழுத்தில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, வெளியே தெரியாதபடி உள்பக்கமாகக் குத்திவிட்டாள். எழுந்ததும் இரண்டடி தள்ளி நின்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். நீலக் கவுன் குடையைச் சாய்த்து அவளுக்கும் பிடித்தது. ரயிலில் ஏறி அடுத்தடுத்து உட்கார்ந்தவர்கள் கடைசி வரைக்கும் பேசிக்கொள்ளவே இல்லை. ஒருத்தி புத்தகம் படித்தாள், ஒருத்தி காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு தூங்கினாள்.

இப்படி யாருக்காவது நேர்ந்திருக்கிறதா? படம் பார்த்தவர்கள், அந்தப் பக்கம் போனவர்கள், எல்லாரும் எழுதுங்கள்.

டீசல்ரயில்

அக்கா, நான் நான்கு வருடம் மிட்சுகாய்டோவில் இருந்தேன். ஜோசோ லைனில்தான் தினமும் வேலைக்குப் போய் வந்தேன். அந்தப் பாதையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். டோக்கியோவுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அங்கே இன்றுவரை மின்சார ரயில் இல்லை, டீசல்தான். இஷியோகா ஊரில் காகியோகா காந்தப்புல ஆய்வகம் இருக்கிறது. பூமியின் காந்தப்புலத்தை அங்கே அளக்கிறார்கள். பக்கத்தில் நேர்மின்சாரத்தில் ரயில் ஓடினால் அளவு கெட்டுவிடும். மாறுமின்சாரம் போடலாம், ஆனால் சின்ன கம்பெனிக்குச் செலவு கட்டுப்படியாகாது. அதனால் டோரிடேயிலிருந்து ஷிமோடாட்டே வரை 51 கிலோமீட்டரும் டீசல் வண்டிகளே. மிட்சுகாய்டோவுக்கு வடக்கே இரட்டைப் பாதையும் முடிந்துவிடும், பெரும்பாலும் ஒரே ஒரு பெட்டிதான் வரும். மோமோகோ அத்தனை லேஸோடு அந்த ஒற்றைப் பெட்டியில் ஏறி டைகான்யாமா போகிறாள் என்பதை நினைத்துப் பார்த்தால், அவளுக்கு அந்த உடைமேல் எவ்வளவு ஆசை என்று புரியும். படம் வந்தபோது சுகுபா எக்ஸ்பிரஸும் கிடையாது, அது 2005 ஆகஸ்டில்தான் ஓட ஆரம்பித்தது.

இச்சிகோ பக்கத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும், ஏனென்றால் எனக்கு பைக் பைத்தியம். சுகுபா சர்க்யூட் என்ற பந்தய மைதானம் உண்மையில் ஷிமோட்சுமாவில்தான் இருக்கிறது. அங்கே அடிக்கடி போவேன். அவள் போடும் நீளக் கோட்டுக்குப் பெயர் தொக்கோஃபுகு. "தொக்கோ" என்பது போர்க்காலத்தில் தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்ட விமானப் படைகளைக் குறித்த சொல். அவற்றைத்தான் காமிகாசே என்றும் சொல்வார்கள். வெளிநாட்டுத் தலைப்பில் "காமிகாசே" எங்கிருந்து வந்தது என்று குழம்பியவர்களுக்கு அதுதான் நூல் முனை. ஆனாலும் எனக்கு அந்தத் தலைப்பு பிடிக்காது. ஊர்ப்பெயர்தான் அந்தப் படத்தின் உயிர்.

கோட்டில் போடும் எழுத்துகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எளிமையான சொல்லைக்கூட பயங்கரமான கான்ஜி (சீன வழி வந்த) எழுத்துகளில் எழுதுவது யாங்கிகளின் வழக்கம். "யோரோஷிக்கு" என்றால் சாதாரணமாக "நம்மைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று பணிவாகச் சொல்வது. அதையே ஒலி பொருந்தும்படி நான்கு எழுத்துகளில் எழுதுவார்கள்: இரவு, பனித்துளி, மரணம், துன்பம். பார்த்தால் மிரட்டல், படித்தால் வணக்கம். படத்தில் கும்பலின் பெயர் "போனிடெயில்" என்பது. குதிரைவால் கொண்டை! அதையும் அப்படித்தான் முரட்டு எழுத்துகளில் எழுதியிருப்பார்கள்.

நான் பார்த்தது ஒரு ஜனவரி மாதம், இருபது வயதானவர்களுக்கு நடத்தும் விழா நாளில். நிலையத்துக்கு வெளியே எல்லாப் பெண்களும் கிமோனோவில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் கணுக்கால் வரை வெள்ளைக் கோட் போட்டிருந்தாள். முதுகில் தங்க நூலில் மேலிருந்து கீழாக நான்கைந்து வரி. எனக்கு முழுதாகப் படிக்கத் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற சக ஊழியரைக் கேட்டேன். அவர் மெதுவாகப் படித்துச் சொன்னார்: என்னைப் பெற்றதற்கு அம்மாவுக்கு நன்றி, தொல்லை கொடுத்ததற்கு மன்னிப்பு. அந்த அம்மா பக்கத்திலேயே நின்று, கோட்டின் தோளில் ஒட்டியிருந்த நூல் பிசிறைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஊசிநூல்

வணக்கம். நான் பாரிசில் லா ஷப்பல் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். சேலை பிளவுஸ், பிள்ளைகளின் சாமத்தியவீட்டு (பூப்புனித விழா) சட்டைகள்தான் என் தொழில். ஜப்பானுக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் இந்தப் படம் என்னைத் தேடி என் கடைக்கே வந்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை மாதம், கடை பூட்டுகிற நேரம் இரண்டு பிரெஞ்சுப் பிள்ளைகள் வந்தார்கள். ஒருத்தியின் கையில் ஒரு பை. மற்றவள் தோல் ஜாக்கெட், மூக்கில் வளையம், தலையின் ஒரு பக்கம் மொட்டை. பையைத் திறந்தால் இளஞ்சிவப்பில் ஒரு சட்டை. முதுகுப் பக்கத் தையல் கிழிந்து இடுப்பு வரை பிளந்திருந்தது. இரண்டு நாளில் வில்பந்தில் ஜப்பான் எக்ஸ்போ என்ற ஜப்பானியக் கலைவிழா, அதற்குள் வேண்டும் என்றாள். வேறு இரண்டு கடைகளில் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். கண் கலங்கிப்போய் நின்றாள்.

நான் சட்டையை உள்பக்கம் திருப்பினேன். முப்பது வருடம் தையல் மெஷினோடு வாழ்ந்தவளுக்கு ஒரு துணியை உள்ளே திருப்பிப் பார்த்தால் போதும், தைத்தவளின் குணம் தெரிந்துவிடும். முதுகில் வரிசையாக இலாஸ்டிக் நூல் ஓடிச் சுருக்கியிருந்தது. உடம்புக்கு ஏற்ற மாதிரி விரிந்து கொடுக்க அந்த ஏற்பாடு. மார்பில் நெல்லுக்கதிர் போல மெல்லிய டக்குகள், எண்ணிப் பார்த்தேன், பக்கத்துக்குப் பன்னிரண்டு. விளிம்பு லேஸ் நைலோன் இல்லை, பருத்தி. அந்த லேஸை ஒன்றுக்கு இரண்டு மடங்கு சுருக்கி வைத்துத் தைத்திருந்தார்கள், அதனால்தான் அது தொங்காமல் பூப்போல நிற்கிறது. ஒரு பிசிறு இல்லை. இதைத் தைத்தவளுக்கு நான் பழுது பார்க்கும் கை தெரியக்கூடாது என்று மனதில் முடிவு கட்டினேன்.

அந்தப் பிராண்ட்தான் மேலே தங்கச்சி சொன்ன "பேபி". 2007-இல் பாரிசிலும் கடை திறந்தார்கள் என்று அந்தப் பிள்ளை சொன்னாள். நான் தைக்கத் தைக்க அவள் பக்கத்தில் இருந்து இந்தப் படத்தின் கதையைச் சொன்னாள். ஜப்பானில் ஒரு வயல் ஊரில் இருக்கும் பெண் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சை நினைத்து ஏங்குகிறாள். இங்கே RER ரயில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் வெர்சாய் அரண்மனைக்கே போய்விடக்கூடிய பிள்ளை, இந்த உடைகளுக்குப் பெயர்போன டோக்கியோவின் ஹராஜுகுவை நினைத்து ஏங்குகிறாள். இரண்டு பேரும் ஏங்குவது ஒரே சட்டைக்கு. எனக்கு அது மிக வடிவான விஷயமாகப் பட்டது.

தோல் ஜாக்கெட்காரி அவ்வளவு நேரமும் கதவடியில் நின்றாள். இந்தச் சட்டைகள் பிடிக்குமா என்று கேட்டேன். "ஐயோ, துளியும் பிடிக்காது" என்றாள். பிறகு ஏன் கூட வந்தாய் என்றேன். "இதைக் கிழித்தது நான்தான். மெட்ரோ படியில் மிதித்துவிட்டேன்" என்றாள். கூலியையும் அவள்தான் தந்தாள், ஜீன்ஸ் பொக்கற்றில் இருந்து சில்லறையும் நோட்டுமாக எண்ணி எண்ணி.

பிறகு என் மகளோடு இருந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். தையல்காரியாக எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். படங்களில் ஒருத்தி தைக்கிறாள் என்றால் பெரும்பாலும் இரண்டு நொடி காட்டிவிட்டு முடிந்த சட்டையைக் காட்டுவார்கள். இதில் அப்படிக் கடத்திவிடவில்லை. அவளின் வேலையைக் கதையின் நடுவில் வைத்திருக்கிறார்கள். அவளின் எம்பிராய்டரியைப் பார்த்து "பேபி" நிறுவனமே அவளுக்கு வேலை கொடுக்கிறது. அந்த வேலை முடித்துக் கொடுக்க வேண்டிய நேரத்தில் தோழிக்கு ஆபத்து. ஒரு கையில் தவணை, மறு கையில் தோழி. எங்கள் தொழிலில் தவணை தவறினால் வாடிக்கை போய்விடும், அதனால் அந்த இடத்தில் நான் உண்மையாகவே பதறிப்போனேன்.

அமகாசாகி பக்கம்

நான் ஒசாகாவில் வேலை பார்க்கிறேன், வீடு அமகாசாகியில். மோமோகோ பிறந்த ஊர் இதுதான். மாநிலக் கணக்கில் ஹியோகோ, ஆனால் தொலைபேசிக் குறியீடுகூட ஒசாகாவின் 06-தான். பேச்சும் அப்படியே. படத்தில் இந்த ஊர்க்காரர்கள் பிறப்பிலிருந்து சாவு வரை ஜெர்சியிலேயே இருப்பதாகக் காட்டுவார்கள். மிகைதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் நடந்தால் நிறைய ஜெர்சி கண்ணில் படும் என்பது உண்மை.

சப்டைட்டிலில் பார்த்தவர்களுக்கு ஒன்று தவறிப்போயிருக்கும். படம் முழுக்க மோமோகோ நாசூக்கான, பணிவான டோக்கியோ ஜப்பானியத்தில் பேசுவாள். உச்சக்கட்டத்தில் உஷிக்கு புத்தர் சிலைக்குக் கீழே இச்சிகோவை அவளுடைய கும்பலே சுற்றி நின்று அடிக்கும்போது, வெள்ளை உடை முழுக்கச் சேறாகி வந்து நிற்கும் மோமோகோவின் வாயிலிருந்து அமகாசாகிப் பேச்சு கொட்டும். ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி பேசிக்கொண்டிருந்த ஒருத்தர், கூடப் பிறந்தவளை ஒருவன் கைநீட்டியதைப் பார்த்து ஒரே மூச்சில் மதுரைத் தமிழுக்கு இறங்கினால் எப்படியிருக்கும், அப்படி. எங்கள் அலுவலகத்தில் இந்த ஊர்க்கார அக்கா ஒருவர் அந்த வசனத்தை அப்படியே பேசிக் காட்டுவார். அவர் கணக்கில் மோமோகோ அந்த நொடியில்தான் ஊர்க்காரியாகிறாள்.

இரவு 2 மணி

எல்லோரும் ரசித்து எழுதுகிறீர்கள். நான் வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது. சைதாமாவில் நெடுஞ்சாலை ஓரம் குடியிருந்தோம். குழந்தைக்கு மூன்று மாதம். கோடைகாலத்தில் சனிக்கிழமை இரவு 2 மணிக்கு இந்தக் கும்பல் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஆக்சிலேட்டரைத் தாளம் போட்டு முறுக்கிக்கொண்டு போகும். குழந்தை அலறி எழுந்தால் விடியும்வரை தூங்காது. அந்த ஆத்திரத்தில் இந்தப் படத்தை நான் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். ரோட்டில் அட்டகாசம் செய்பவர்களை ஏன் இவ்வளவு அழகாகக் காட்ட வேண்டும்?

டீசல்ரயில்

உங்கள் கோபம் நியாயமானது சகோ. போலீஸ் கணக்கில் 1982-இல் நாடு முழுக்க 42,000 பேருக்கு மேல் இந்தக் கும்பல்களில் இருந்தார்கள். படம் வந்த அதே 2004-இல்தான் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தையும் திருத்தினார்கள். அதுவரை கும்பலாக ஓட்டியதால் பாதிக்கப்பட்டேன் என்று யாராவது முன்வந்து சொன்னால்தான் வழக்கு நிற்கும், பயத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். திருத்தத்துக்குப் பிறகு அப்படி ஓட்டினாலே குற்றம். இப்போது மிகவும் குறைந்துவிட்டார்கள். இச்சிகோ மாதிரி ஒருத்தியை நான் இருந்த காலத்தில் பைக்கில் பார்த்ததே இல்லை, அந்த விழா நாள் கோட்டைத் தவிர.

சுகுபாவாசி

எல்லாருக்கும் நன்றி. இரவு 2 மணி சகோதரிக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். முடிந்தால் மீதிப் படத்தையும் பாருங்கள். அந்தக் கும்பலை அது கொண்டாடவில்லை. இச்சிகோ சின்ன வயதில் பள்ளியில் சீண்டப்பட்ட, அதிகம் வாய்திறக்காத பெண். அகிமி ஒருத்திதான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசினாள். அதனால்தான் அவளுக்கு அந்தக் கோட் அவ்வளவு பெரிய விஷயம். அகிமி போனபிறகு கும்பல் என்பது சட்டதிட்டமும் தண்டனையுமாக மாறிவிடுகிறது. விலகப் பார்த்தவளை அடிக்கவும் செய்கிறது.

உஷிக்கு சிலைக்கு நானும் ஒருமுறை போனேன். பீடத்தோடு சேர்த்து 120 மீட்டர் உயரம், வெண்கலம். உள்ளே லிஃப்டில் ஏறி மார்பு உயரத்தில் இருக்கும் சன்னல் வழியாக வெளியே பார்க்கலாம். கண்ணுக்கெட்டிய தூரம் மறுபடி வயல்தான். படத்தில் அந்த இடத்தில்தான் எல்லாரும் கத்திச் சண்டை போடுவார்கள். நான் போன அன்று ஒரு வயதான தம்பதி பூந்தோட்டத்தில் உட்கார்ந்து சோற்று உருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு அமைதி.

டிவிடியைத் திருப்பிக் கொடுத்தபோது நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஊசிநூல் அக்கா எழுதியதைப் படித்ததும்தான் சொல்லத் தோன்றியது.

சென்செய் வீட்டுக்குப் போயிருந்தேன். செப்டம்பர் மாதம். அந்தத் தையல் காட்சியில் அழுதுவிட்டேன் என்று சொன்னதும் அவர் சிரித்தார். உயர்நிலைப் பள்ளியில் தான் தையல் வகுப்பில் முதல் மாணவி என்றார். பின்வரிசையில் ஒரு யாங்கிப் பெண் இருந்தாளாம். அந்தக் காலத்தில் யாங்கிப் பெண்களுக்குப் பாவாடை குட்டையாக இருக்கக்கூடாது, கணுக்கால் வரை தரையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதுதான் கெத்து. ஒருநாள் அவள் வந்து தன் சீருடைப் பாவாடையை மேசைமேல் போட்டு, "இதை நீளமாக்கு" என்றாள். வேறு பேச்சில்லை. சென்செய் பயந்துபோய் வீட்டுக்குக் கொண்டுபோனார். பிரித்துப் பார்த்தால் உள்ளே மடிப்பு போதவில்லை. அம்மாவின் பழைய கோட்டிலிருந்து அதே நீலத்தில் துணி வெட்டி, ஒட்டு தெரியாமல் ஒரு மடிப்புக்குள் மறைத்து, கையாலேயே தைத்தார். இரண்டு இரவு ஆனதாம். மறுநாள் அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். நன்றிகூடச் சொல்லவில்லை.

"அப்புறம்?" என்றேன்.

"அதற்குப் பிறகு என் ரயில் பெட்டியில் யாரும் என்னைச் சீண்டியதில்லை. அவள் எங்கேயாவது ஒரு மூலையில் நின்றுகொண்டிருப்பாள். நான் பட்டப்படிப்புக்குப் போனேன், அவள் வயலுக்குப் போனாள். நான் பைக்கில் ஏறியதில்லை, அவள் புத்தகம் திறந்ததில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய், சமையலறையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்தார்.

உள்ளே நாஷிப் பேரிக்காய். ஷிமோட்சுமாவுக்கு அது பெயர்போன விளைச்சல். ஒவ்வொன்றும் குழந்தையின் தலை அளவு, வலைப்பஞ்சு உறையில் வரிசையாக அடுக்கியிருந்தது. வருடா வருடம் அவள் தன் தோட்டத்திலிருந்து அனுப்புகிறாளாம். சென்செய் ஒன்றை எடுத்துத் தோல் சீவி, துண்டுபோட்டு என் முன்னால் வைத்தார். சாறு விரல் இடுக்கு வழியாக மணிக்கட்டு வரை ஓடியது.

கடிதம் எதுவும் வைத்திருக்கவில்லை. பெட்டியின் மேல்மடிப்பில் மட்டும் தடித்த கறுப்பு மார்க்கரில் நான்கு எழுத்து எழுதியிருந்தது. அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை, சென்செய் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி விளக்கினார். டீசல்ரயில் தம்பி மேலே சொன்ன அதே நான்குதான்: இரவு, பனித்துளி, மரணம், துன்பம்.